மாங்காயைத் தபால் பெட்டியில் போட்ட பெண்

கேள்வி: எனக்கு 62 வயது. ஆற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். பாட்டி கதையும் பாரதக் கூத்தும் கேட்டு வளர்ந்தேன். அப்புறம் அம்புலிமாமா, ஊர் நூலகம். கதை என்றால் எனக்கு உயிர். அஞ்சல் துறையில் குடியாத்தம், திருப்பத்தூர், வேலூர் என்று 36 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஓய்வு பெற்றதும் சிறுவர் கதைகள் இருபது எழுதி முடித்தேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்துத் தொழிலில் இருந்தவள் இல்லை, சென்னையிலும் இல்லை, வயதும் ஆகிவிட்டது. ஒரு பதிப்பாளர் 45,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி அச்சிட்டுத் தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா? நான் குழந்தை எழுத்தாளர் ஆக முடியுமா? வெறும் வாழ்த்து வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: கட்டாதீர்கள், அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

45,000 ரூபாயை 300ஆல் வகுத்தால் பிரதிக்கு 150 ரூபாய். அச்சுக்கூலி, தாள், படம், அவருடைய லாபம் எல்லாமே உங்கள் பணத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு பிரதிகூட விற்காவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை, அதனால் விற்க வேண்டிய அவசியமும் இல்லை. 300 பிரதியும் கட்டுக்கட்டாக உங்கள் வீட்டுப் பரணுக்கு வரும். பேரன் காதுகுத்தில் தாம்பூலப் பையோடு நூறு போகும். மிச்சத்தைக் கரையான் படிக்கும். பதிப்பகம் எழுதுகிறவருக்குப் பணம் தர வேண்டும். அது கொஞ்சமாக இருக்கலாம், தாமதமாகக்கூட வரலாம், ஆனால் போகிற திசை அதுதான்.

சரி, கதைகளுக்கு வருவோம். இருபதையும் இரண்டு ராத்திரியில் படித்தேன். பதினான்கு கதைகள் 'ஆகவே குழந்தைகளே' என்று முடிகின்றன. பதினொன்றில் சிங்கம் வருகிறது. ராமுவும் சோமுவும் ஏழு கதைகளில் வருகிறார்கள். ஏழிலும் ராமு நல்லவன், சோமு சோம்பேறி. சோமு என்ற பெயருடைய பிள்ளைகள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்கள் என்று தெரியவில்லை.

சிங்கம் இந்தியாவில் குஜராத்தின் கிர் காட்டோடு சரி. நம் பழைய வேலூர் மாவட்டத்தை 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்களே, மூன்றில் எதற்கும் சிங்கம் ஒதுக்கவில்லை. ஆனால் யானை உண்டு. ஆந்திரப் பக்கத்துக் கவுண்டின்யா காட்டிலிருந்து இறங்கிப் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து நிலங்களில் புகுந்துவிடுகிறது. குடியாத்தத்தில் வேலை பார்த்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி யானை மிதித்த தோப்பைக் காலையில் பார்க்கிற பிள்ளை வீட்டில் என்ன பேசும்? அந்தப் பேச்சு உங்களிடம் இருக்கும். இருந்தும் நீங்கள் 'ஓர் அடர்ந்த காட்டில்' என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள்.

திருவலம் உங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். அங்கே வில்வநாதேசுவரர் கோயிலில் நந்தி சாமியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்கள் தல புராணம் சொல்லி, பூசைக்குத் தண்ணீர் எடுக்கப் போன குருக்களை மறித்த அசுரனை விரட்டப் போன நந்தி என்று விளக்கம் தருவார்கள். நல்ல கதைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை விளக்கத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடும்: 'ஏன் திரும்பிக்கினு இருக்கு? சாமியோட சண்டையா?' உங்கள் கதை அந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே மலையில் விளக்கணைத்துவிட்டுப் படுக்கிற ஒரு பிள்ளையும் அதே வானத்தைத்தான் பார்க்கிறது. திருப்பத்தூரில் இத்தனை வருடம் இருந்துவிட்டு ஒரு வரிகூட இதைப்பற்றி எழுதாமல் எப்படி இருந்தீர்கள்?

உங்கள் கடிதத்தில் இருக்கிற கூத்து விஷயத்தைத்தான் நான் அதிகம் யோசித்தேன். நானும் பாலாற்றங்கரைக்காரன். ராத்திரி பத்து மணிக்கு மேல் மத்தளம் கேட்டால் எங்கே போனான் பிள்ளை என்று வீட்டில் தேடவே மாட்டார்கள், முன்வரிசை மண்ணில்தான் கிடப்போம். கூத்தின் கோமாளி கட்டியக்காரன் வந்து ராஜாவையே கிண்டல் செய்வான். ராஜா முறைப்பார். நாங்கள் உருண்டு சிரிப்போம். பாதி ராத்திரியில் தூங்கி, யாரோ காலை மிதித்ததில் எழுந்தால் துகில் உரிந்துகொண்டிருக்கும். கடைசி நாள் படுகளம், துரியோதனன் சாகிற கூத்து. மண்ணால் செய்து மல்லாத்திப் படுக்க வைத்த அத்தனை பெரிய துரியோதனன். அந்த உருவத்தின் தொடையில் பீமன் அடிக்கிறபோது எங்களில் பாதிப்பேர் பயந்து அம்மா முந்தானைக்குள் போய்விடுவோம். ஆனால் ஒரு கண் வெளியேதான் இருக்கும்.

அம்மா, அத்தனை ராத்திரியில் எந்தக் கூத்து வாத்தியாராவது ஆட்டத்தை நிறுத்திவிட்டு 'ஆகவே குழந்தைகளே, சூதாடக் கூடாது' என்று சொன்னதுண்டா? விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சூது கெட்டது என்று நாமாகத்தான் தெரிந்துகொண்டோம். அப்படிக் கேட்டு வளர்ந்த நீங்கள் பேனாவைப் பிடித்ததும் பள்ளி ஆண்டுவிழாவின் தலைமை விருந்தினர் ஆகிவிட்டீர்கள். 'கதை என்றால் எனக்கு உயிர்' என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அந்த உயிர் முன்வரிசை மண்ணில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணிடம் இருக்கிறது. இருபது கதைகளையும் எழுதியது ஓய்வுபெற்ற அதிகாரி.

இதை மேலே உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு சிறுவர் கதை எழுதி, வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு பையன் எழுந்து, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, 'சார், முடிஞ்சிடுச்சா?' என்றான். முடியவில்லை, இன்னும் ஒன்பது பக்கம் இருந்தது. முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குக் கிடைத்ததிலேயே நேர்மையான விமர்சனம் அதுதான்.

உங்களுக்கும் அந்தப் பரீட்சை வேண்டும். பேரனிடம் படிக்காதீர்கள், அவன் பாட்டி தரப்போகிற முறுக்குக்காகக் கேட்பான். தெருப்பிள்ளைகள் நாலு பேரைத் திண்ணையில் உட்கார வையுங்கள். தாளைப் பார்த்துப் படியுங்கள், நடுவே நடித்துக் காட்டிக் காப்பாற்றாதீர்கள். எந்த இடத்தில் ஒரு பிள்ளை செருப்பைத் தேடுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். சத்தமாகப் படித்தாலே இன்னொன்றும் தெரியும். உங்கள் முதல் கதையின் முதல் வரியில் 'ஓடிக்கொண்டிருந்தான்' என்று இருக்கிறது. பத்து எழுத்து. இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை 'ஓடிக்' வரைக்கும் வந்து மூச்சு வாங்கும், 'தான்' வருவதற்குள் ஓடினவன் யார் என்பதே மறந்துவிடும். 'ஓடினான்' நாலே எழுத்து. நம் மொழியில் குழந்தைக்கு எழுதுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். சொல் தெரிந்த சொல்லாகவே இருக்கும், ஆனால் விகுதி மேல் விகுதி ஏறி ரயில் மாதிரி நீண்டுவிடும். பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்குப் போட்ட சின்னப் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'நுழை' புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுங்கள். உங்கள் இருபது கதைகளும் நேரே 'பற'வுக்கு மேலே எங்கேயோ பறக்கின்றன.

படம் போட்ட புத்தகம் என்றால் பாதிக் கதை ஓவியருடையது. 'சிவப்புப் பாவாடை கட்டி, இரட்டைச் சடை போட்டு' என்று நீங்கள் எழுதினால் ஓவியர் கையைக் கட்டியதாகிவிடும், பிள்ளைக்கும் ஒன்றை இரண்டு தடவை சொன்ன மாதிரி இருக்கும்.

வயது, ஊர், தொழில் என்று மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் வேலைக்கு ஆகாது. அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் கணக்குப் பார்த்துக்கொண்டேதான் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதினார், குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் 1950இல் தொடங்கினார். சென்னையில் இல்லையே என்கிறீர்கள். 2021ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்குத் தருகிற பால சாகித்ய விருதைத் தமிழுக்கு வாங்கிய மு. முருகேஷ், வந்தவாசியில் குடியிருந்து எழுதியவர். அதுவும் பழைய வட ஆற்காடுதானே. வயதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. 62இல் ஞாபகம் நன்றாக இருந்தால் அது லாபம்.

எங்கே அனுப்புவது என்று கேட்பீர்கள். அறிவியல் கலந்தது என்றால் துளிர் இதழ் இருக்கிறது. படப் புத்தகம் என்றால் துளிகா, புக்ஸ் ஃபார் சில்ட்ரன் போன்றவர்கள் தமிழில் போடுகிறார்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம், நீங்களும் ஏற்றலாம். ஆனால் அங்கே ஏற்றினால் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்து மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அது சம்மதமா என்று முடிவு செய்துகொண்டு ஏற்றுங்கள். எங்கே அனுப்புவதாக இருந்தாலும் முதலில் அவர்கள் போட்ட பத்துப் புத்தகங்களையாவது படித்துவிடுங்கள். அம்புலிமாமாவுக்கு அப்புறம் தமிழில் சிறுவர் புத்தகம் எதையும் நீங்கள் திறந்ததாகக் கடிதத்தில் அடையாளமே இல்லை.

இந்த இருபதையும் இப்போது எங்கேயும் அனுப்ப வேண்டாம். நான் போடப் போவதும் இல்லை. உங்கள் கடிதத்தின் நாலாம் பக்கத்தில், பணிக்கால அனுபவம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகையில், அடைப்புக்குறிக்குள் மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் தபால் பெட்டியைத் திறந்தால் கடிதங்களுக்கு நடுவே ஒரு பெங்களூரா மாங்காய். தோல்மேல் பால்பாயின்ட் பேனாவால் கீறி 'நைனாவுக்கு' என்று எழுதியிருந்தது. விசாரித்தால், பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பெண், அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்.

அம்மா, இதை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டு ராமுவுக்கும் சோமுவுக்கும் ஏழு கதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? இதில் எல்லாம் இருக்கிறது. முகவரி இல்லை, ஆனால் அவளைப் பொறுத்தவரை நைனா என்றால் உலகத்தில் ஒரே ஆள்தான். தபால்தலை இல்லாமல் போனால் வாங்குகிறவர் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும் என்பது உங்கள் சட்டம். மாங்காய்க்கு எந்த விகிதத்தில் இரட்டிப்பு? முத்திரையை எந்தப் பக்கம் குத்துவது? பெங்களூர் போவதற்குள் அது பழுத்துவிட்டால் காய் என்று பதிவதா, பழம் என்று பதிவதா? இந்தக் கேள்விகளையெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள். 36 வருடம் அந்தக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்த உங்களால்தான் பதில் சொல்ல முடியும்.

எட்டுப் பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். சிங்கம் வேண்டாம். ஆகவே குழந்தைகளே வேண்டாம். பெண்ணுக்குப் பெயர் வைத்தால் திருப்பத்தூர்ப் பக்கம் கூப்பிடுகிற மாதிரி வையுங்கள்.

அப்புறம் ஒன்று, இது பத்திரிகை ஆசிரியராகக் கேட்கவில்லை. அந்த மாங்காயைக் கடைசியில் என்னதான் செய்தீர்கள்?