குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி வந்துவிட்டது, கர்ப்பிணிகளுக்கு ஏன் இன்னும் வரவில்லை?

ஒட்டுண்ணியியல் பாடம் எடுப்பவள் நான். மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

குழந்தைகளுக்கான ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2021-லும், ஆர்21-ஐ 2023-லும் பரிந்துரைத்தது. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதிலிருந்து நான்கு தவணை. கொசு கடித்ததும் கல்லீரலுக்கு ஓடும் கிருமியை வழியிலேயே மடக்குவதுதான் இரண்டுக்கும் வேலை. கானா, கென்யா, மலாவியில் 2019 முதல் ஆர்டிஎஸ்,எஸ் போட்ட பகுதிகளில், அந்த வயதுக் குழந்தைகளின் இறப்பு 13 சதவீதம் குறைந்தது.

தாய்க்கு வரும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி வகை புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. எதைப் பிடித்து ஒட்டுகின்றன என்பதை ஆய்வாளர்கள் மிகல் ஃப்ரீடும் பாட்ரிக் டஃபியும் 1996-ல் வெளியிட்டார்கள்: காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஏ என்ற சர்க்கரைச் சங்கிலி. அப்படிப்பட்ட நஞ்சுக்கொடியின் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், தாயின் ரத்தம் நிற்கும் இடைவெளியெல்லாம் கிருமி ஏறிய அணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். நடுநடுவே பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக நிறமித் துகள்கள். அதே தாயின் விரல்நுனி ரத்தத்தில் ஒரு கிருமிகூடத் தென்படாமல் போகலாம், காய்ச்சலும் இல்லாமல் இருக்கலாம். பிள்ளை எடை குறைந்து பிறக்கும். இந்த நோயில் எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

தலைச்சன் பிரசவத்தில்தான் ஆபத்து அதிகம். அடுத்தடுத்த கர்ப்பங்களில், இந்த ஒட்டலைத் தடுக்கும் ஆன்டிபாடிகளை உடம்பு தானே உண்டாக்கிக்கொள்கிறது. அப்படியென்றால் தடுப்பூசி சாத்தியம்தான். கிருமி ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் வார்2சிஎஸ்ஏ புரதத்தைக் குறிவைத்து பாம்வாக், பிரிம்வாக் என்று இரண்டை மனிதர்களிடம் சோதித்தார்கள். பாதுகாப்பில் குறை இல்லை. ஆனால் அந்தப் புரதம் கிருமிக்குக் கிருமி மாறுபடுகிறது. தடுப்பூசியில் இருந்த வகையை ஆன்டிபாடிகள் நன்றாக அடையாளம் கண்டன, மற்ற வகைகளை அந்த அளவுக்கு இல்லை.

அறிவியல் தடை மட்டுமல்ல. வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கர்ப்பிணிகளைச் சோதனைகளில் சேர்க்காமலே பல காலம் ஓடிவிட்டது. பயம் நியாயம்தான். ஆனால் அதனால் ஏற்பட்ட தாமதத்துக்கும் தாய்மார்கள்தான் விலை கொடுக்கிறார்கள். அந்த வகையில் மாலியில் நடந்த சோதனை எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. கதிர்வீச்சால் வலுவிழக்கச் செய்த முழுக் கிருமியையே தடுப்பூசியாக, கருத்தரிக்கத் திட்டமிட்ட பெண்களுக்குப் போட்டார்கள். இரண்டாம் ஆண்டிலும் பாதுகாப்பு நீடித்தது என்று 2024-ல் முடிவு வந்தது.

சரி, அதுவரை? ஆப்பிரிக்காவில் மலேரியா பரவும் பகுதிகளில் மருந்து தோய்த்த கொசுவலையும், நான்காம் மாதம் தொடங்கி மாத இடைவெளியில் குறைந்தது மூன்று தவணை சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் என்ற மலேரியா மாத்திரையும்தான் கைகொடுக்கின்றன. முதல் மூன்று மாதங்களில் அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. கருத்தரிக்கும் முன்பே போட்டுவிடும் ஊசி வேண்டும் என்பது முக்கியமாக அந்த மூன்று மாதங்களுக்காகத்தான்.