லீக் பணம் வந்திருக்கிறது: கார் எடுக்கலாமா, வட்டிக்கு விடலாமா?

கேள்வி: வணக்கம்ங்க சார். கவுந்தப்பாடி பக்கம் ஒரு கிராமம். வயது 23. வாலிபாலில் மிடில் பிளாக்கராக, அதாவது வலைக்கு நடுவில் நின்று எதிரணி அடியைத் தடுப்பவனாக ஆடுகிறேன். பிரைம் வாலிபால் லீக்கில் முதல் முறையாக ஒரு அணி என்னை எடுத்தது. ஒப்பந்தம் 6 லட்சம். டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) போக 5.40 லட்சம் கைக்கு வந்தது. என் பயிற்சிச் செலவுக்காக அம்மாவின் நகை 1.40 லட்சத்துக்கு சொசைட்டியில் அடமானத்தில் இருக்கிறது. 3 லட்சம் கட்டி கார் எடு, மீதியை ரெண்டு ரூபாய் வட்டிக்கு விடலாம் என்கிறார் மாமா. டிகிரியில் இரண்டு அரியர் பாக்கி. என்ன செய்யட்டுங்க?

பதில்: முதல் வேலையாக அம்மாவின் நகையை மீட்டுவிடுங்கள் தம்பி. அதில் இரண்டாவது யோசனை வேண்டாம்.

மாமா நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் கார் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். லீக்கோ மாதாமாதம் நடப்பதில்லை. மூன்றாவது சீசன் 2024 மார்ச்சில் முடிந்தது, அடுத்தது 2025 அக்டோபரில்தான் வந்தது. நடுவில் ஒன்றரை வருடத்துக்கும் மேல் லீக் வருமானமே கிடையாது. அதற்கு முன் 2019-இல் புரோ வாலிபால் லீக் என்று ஒன்று நடந்தது; சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையை வென்றது. அந்த லீக் ஒரே சீசனோடு நின்றுபோனது. அடுத்த வருடமும் ஏலத்தில் எடுப்பார்கள் என்று நம்பித் தவணைக் கடன் வாங்காதீர்கள்.

ரெண்டு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். வங்கியில் கடன் கிடைக்காதவர்தான் அந்த வட்டிக்கு வருவார். அசல் நின்றுபோனால் நீங்கள் பிராக்டிஸை விட்டுவிட்டு அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அதிக லாபத்தை நம்பி ஈமு கோழியில் பணம் போட்டு 2012-இல் கண்ணீர் விட்ட குடும்பங்கள் பெருந்துறையைச் சுற்றி எத்தனை என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

நகையை மீட்டது போக 4 லட்சம் இருக்கும். அதில் 1.80 லட்சத்தை, மாதம் 15 ஆயிரம் வீதம் ஒரு வருடச் செலவுக்கு என்று வங்கி டெபாசிட்டில் போடுங்கள். ஒரு லட்சத்துக்கு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு. 15 வருடத்தில் முதிரும். அப்போது உங்களுக்கு 38 வயது, ஆட்டம் அநேகமாக ஓய்ந்திருக்கும். மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு இரண்டுக்கும் 40 ஆயிரம் ஒதுக்குங்கள். பிளாக்கருக்கு முட்டிதான் முதல். ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் என்றால் ஒன்பது மாதமாவது கோர்ட்டுக்கு வெளியேதான். சில விபத்து பாலிசிகள் தொழில்முறை விளையாட்டில் படும் காயத்துக்குப் பணம் தராது. "வாலிபால் ஆடும்போது அடிபட்டால் கிளெய்ம் உண்டா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பிரீமியம் கட்டுங்கள். மீதி 80 ஆயிரம் பிசியோ, ஷூ, பயணத்துக்கு.

டிடிஎஸ்ஸாகப் பிடித்த 60 ஆயிரத்தை விட்டுவிடாதீர்கள். புதிய வரி முறையில் வருட வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை. ஆடிட்டரிடம் போய் கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வந்துவிடும். உள்ளூர்ப் போட்டிகளில் வாங்கிய பரிசுப் பணத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. இந்த 6 லட்சத்தை விடப் பெரிய சொத்து ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. ரயில்வேயில் அதற்கு வயது வரம்பு 25, தளர்வு கிடையாது. உங்களுக்கு இருப்பது இரண்டே வருடம். அங்கே பார்ப்பது தேசிய சாம்பியன்ஷிப், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி போன்றவற்றின் சான்றிதழ்கள், அதுவும் சமீபத்தியவை. அதனால் கோயில் நோம்பிக்கு நடக்கும் ராத்திரி மேட்ச் பணத்துக்காக மாநில அணித் தேர்வைத் தவறவிடாதீர்கள். தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வேலை கிடைத்தால் சம்பளமும் வரும், துறை அணிக்காக ஆட்டமும் தொடரும்.

அந்த இரண்டு அரியரையும் அடுத்த தேர்விலேயே முடியுங்கள். டிகிரி கேட்கும் பதவிகளுக்கு பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு விண்ணப்பிக்க முடியாது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று இந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.