கைக்கு 30 சதவீதம், பிழைப்புக்கு எவ்வளவு?

கேள்வி: வயது 34. தச்சு வேலை செய்கிறேன், மாதம் 18,000 ரூபாய் வரை வரும். நான்கு மாதம் முன்பு பைக்கில் போனபோது எதிர்த்தடத்தில் ஏறி வந்த கார் மோதியது. வலது மணிக்கட்டில் பிளேட் வைத்திருக்கிறார்கள், விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கார்க்காரர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் குற்றவாளி போல உட்கார வைத்தார்கள். மேஸ்திரி போனை எடுப்பதில்லை. மனைவி மில் வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் என்னைப் பார்த்துக்கொண்டார். இப்போது ‘ஊனம் 30 சதவீதம்தான், மக்கள் நீதிமன்றத்தில் 6 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம்’ என்று காப்பீட்டு நிறுவனத் தரப்பில் பேசுகிறார்கள். கிடைப்பதை வாங்கிக்கொள் என்கிறார் மச்சான். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள்.

கார்க்காரர் வந்து பார்க்கவில்லை, மேஸ்திரி போன் எடுக்கவில்லை என்பதற்கெல்லாம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஒரு ரூபாய் கிடையாது. எஃப்.ஐ.ஆரில் கார் எண்ணும், தவறு காரோட்டி மீது என்பதும் சரியாகப் பதிவாகியிருந்தால் போலீஸ் கதையையும் மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான். கைக்கு 30 சதவீதம் என்கிறார்களே, பிழைப்புக்கு எத்தனை?

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டது. ஊனம் எவ்வளவு என்று டாக்டர் சொல்லலாம். அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் வேலை. கை போன அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாமல் இருக்கலாம். தச்சருக்கோ டிரைவருக்கோ பிழைப்பே போகும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். 40 வயதுக்குள் சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 18,000 என்பது 25,200 ஆகும். (காயம்பட்டவருக்கும் இது உண்டு என்று 2020இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் சொல்லிவிட்டார்கள்.) ஆண்டுக்கு 3,02,400. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது, உங்கள் வயதுக்கு அது 16. மொத்தம் 48,38,400. இதில் 30 சதவீதம் என்றால் சுமார் 14.5 லட்சம், பிழைப்பில் போனது 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் வைத்தால் 29 லட்சம். ஆக, அவர்கள் சொல்லும் 6 லட்சம் அவர்களுடைய சதவீதத்துக்கே பொருந்தவில்லை. சான்றில் உள்ள 30 கைக்கு மட்டுமா, முழு உடலுக்கா என்றும் பாருங்கள். கைக்கு என்றிருந்தால், முழு உடலுக்கு 10தான் என்று அடுத்த வாதம் வரும்.

வக்கீலாக நான் பார்த்த வரையில் கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். ஆஸ்பத்திரி பில்லை ஒன்று விடாமல் ஃபைல் போட்டுக் கொண்டுவருவார்கள், ஊனத்தை நிரூபிக்க ஒரே ஒரு தாளை நீட்டுவார்கள். என்னிடம் வந்த தையல்காரர் ஒருவரின் கேஸில், சான்று கொடுத்த டாக்டரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்விதான் கேட்டார். “அறுவை சிகிச்சை செய்தது நீங்களா?” இல்லை. “இவரை எத்தனை முறை பார்த்தீர்கள்?” சான்று வாங்க வந்த அன்று ஒரு முறை. அவ்வளவுதான், 40 சதவீதம் 15 ஆகிவிட்டது. உங்களுக்கு அறுவை செய்த டாக்டரே சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு முன் அவரிடம் ஒரு இழைப்புளியைக் கொடுத்து, உங்களால் அதைப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் குறிப்பில் ஏற வேண்டிய வரி: “இழைப்புளியை இறுக்கிப் பிடித்துத் தள்ள முடியவில்லை.”

அடுத்த குழி வருமானம். சம்பளச் சீட்டு இல்லாதவருக்குத் தீர்ப்பாயம் தானே ஒரு தொகையை வைக்கும், பெரும்பாலும் குறைவாக. ஜிபே வரவு, நலவாரிய அட்டை, வேலை கொடுத்த வீட்டுக்காரர் ஒருவரின் சாட்சியம் எல்லாம் அதற்காகத்தான்.

யாரும் கேட்காமல் விடுகிற இழப்பீட்டு இனங்களும் உண்டு. மனைவி பார்த்துக்கொண்டதால் உதவியாளர் செலவு இல்லை என்று ஆகிவிடாது, கேளுங்கள். காஜல் வழக்கில் (2020) 12 வயதுச் சிறுமிக்கு இந்த இனத்துக்கு மட்டும் 21.6 லட்சம் கொடுத்தார்கள். பிளேட்டை எடுக்க ஆகும் செலவுக்கு இப்போதே மதிப்பீடு வாங்கிவிடுங்கள். சத்துணவு, ஆட்டோ செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம் எல்லாம் தனித்தனி இனங்கள்.

வங்கி பாஸ்புக்கில் வருடம் ஒருமுறை 20 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது பிரதமரின் சுரக்ஷா பீமா. ஒரு கையின் பயன் முற்றிலும், மீளாமல் போயிருந்தால்தான் அதில் ஒரு லட்சம். விரல் பாதி மடங்கினால் கிடைக்காது. கிடைத்தால், நீங்கள் பிரீமியம் கட்டி வாங்கிய அந்தப் பணத்தை இழப்பீட்டில் கழிக்க விடாதீர்கள்.

மேஸ்திரி மீது தொழிலாளர் இழப்பீட்டு மனு போட யாராவது தூண்டினால் நில்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 167ஆம் பிரிவுப்படி, இரண்டு சட்டத்திலும் உரிமை இருந்தால் ஒன்றில்தான் கேட்க முடியும்.

மனு போட 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். உங்களுக்கு மிச்சம் இரண்டு மாதம். ஊனச் சான்று பிறகு வரலாம், மனு முதலில் போகட்டும். மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. அடுத்த வருடம் விரல்கள் இன்னும் விறைத்துப்போனாலும் ஃபைல் திறக்காது.

ஆனால் டாக்டர் சாட்சியம் முடிந்ததும் சமரசத்துக்குப் போங்கள், 29 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வருமானத்தை 15,000 என்றும், இழப்பை 45 சதவீதம் என்றும் தீர்ப்பாயம் வைத்தால் வருமான இழப்பு சுமார் 18 லட்சம்தான். அதன் மேல் அவர்கள் அப்பீல் போனால் வருடங்கள் ஓடும். எல்லா இனமும் சேர்த்து 18 லட்சத்துக்கு வந்தால் அன்றைக்கு மச்சான் பேச்சைக் கேளுங்கள்.