தகரக் கூரையும் காணொளியும்

மதிப்பிற்குரிய ஐயா,

மஸ்கெலியாவுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கல்வியில் தொழில்நுட்பம் பற்றிக் கண்டியில் நடந்த இரண்டு நாள் ஆசிரியர் மாநாட்டுக்கு அண்மையில் போய்வந்தேன். தொடுதிரைப் பலகை, செயற்கை நுண்ணறிவு என்றெல்லாம் பேசினார்கள். எங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு புரொஜெக்டர். சிக்னலும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அடுத்த முறை அழைத்தால் போகத்தான் வேண்டுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கட்டாயம் போங்கள். ஆனால் கேட்டுவிட்டு வருவதற்காக மட்டும் போகாமல், உங்கள் வகுப்பில் செய்துபார்த்த ஒரு பாடத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியராக இருந்தேன். காலை பத்து மணிக்கு ஸூம் வகுப்பு நடத்தச் சொன்னார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகளில் மூவர்தான் வந்தார்கள். வீட்டிலிருந்த ஒரே தொலைபேசி, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன அம்மாவோடு மலையில் இருந்தது. அவர் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்ப மாலை ஐந்து மணியாகிவிடும். ஆகவே பின்னங்களை மூன்று, நான்கு நிமிடக் குரல்பதிவுகளாகப் பிரித்து, இரவு ஏழு மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினேன். பிள்ளைகள் கணக்கைச் செய்து கொப்பியைப் படம்பிடித்து அனுப்பினார்கள். ஒரு பிள்ளை நான்காகப் பிய்த்த ரொட்டியையும் கொப்பியின் பக்கத்தில் வைத்துப் படம்பிடித்திருந்தது. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. சிக்னல் இல்லாத பாடசாலையில் அவற்றை வகுப்பு நேரத்தில் திறக்க முடியாது என்பதால், காணொளிகளை நகரத்துக்குப் போகும்போது இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருவது என் வழக்கமாக இருந்தது. ஆனால் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் காணொளியின் சத்தம் முன்வரிசைக்கே கேட்காது; என் குரலும் கேட்காது. ஆகவே சத்தமில்லாமலே படத்தை ஓட்டி, முக்கியமான இடத்தில் நிறுத்தி, அங்கே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளையே கரும்பலகையில் எழுதவைத்தேன். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளும் எழுந்துவந்து எழுதினார்கள். இந்த முறையை எந்த மாநாட்டிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் எந்த மாநாட்டிலும் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்பதுதான் இன்றுவரை என் வருத்தம்.

2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை கல்வியில் தொழில்நுட்பத்தைப் பற்றியதே. அந்தக் கருவி யாருடைய நிபந்தனைகளின்படி பயன்படுகிறது என்ற கேள்வியை அது தன் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. நம் மலையகத்தில் அந்த நிபந்தனைகளைச் சொல்லத் தெரிந்தவர் உங்களைப் போன்ற ஆசிரியர்தான். நீங்கள் மேடை ஏறாவிட்டால், சிக்னல் உள்ள வகுப்பறைக்காக எழுதப்பட்ட பாடமே நமக்கும் வந்துசேரும்.

ஏற்பாட்டாளர்களிடமும் ஒன்று கேளுங்கள். இரண்டு நாளில் ஒரு நாளையாவது, ஆசிரியர்கள் தத்தம் பாடத்துக்கு ஒன்றைச் செய்துபார்க்க ஒதுக்கட்டும். ஒரு மாதம் கழித்து ஆசிரியர் மத்திய நிலையத்தில் கூடி, வகுப்பில் அது என்னவாயிற்று என்று பேசட்டும். சான்றிதழோடு முடிந்துபோகும் மாநாட்டால் பிள்ளைகளுக்கு எதுவும் போய்ச்சேர்வதில்லை.

உங்கள் பாடம் ஒன்றை நான்கு பக்கத்தில் எழுதியனுப்பினால் நான் படித்துக் கருத்துச் சொல்கிறேன். அந்த ஒரே புரொஜெக்டர் எந்த நாளில் எந்த வகுப்புக்குப் போகிறது என்ற அட்டவணையையும் அதில் சேர்த்துவிடுங்கள்.