றோலர் இழுத்த தரையில சாதாழை திரும்ப வருமோ?

கேள்வி: அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணம் குருநகர் பக்கம் ஒரு கடற்றொழில் சங்கத்தில இருக்கிறம். றோலர் (இழுவை மடிப் படகு) இழுத்து இழுத்து சாதாழை (கடற்புல்) எல்லாம் போயிட்டுது, நண்டும் குறைஞ்சிட்டுது. கொஞ்சம் காசு கிடைக்கும் போல இருக்கு. சாதாழை நடுவமோ, கொங்கிறீற் கட்டை இறக்குவமோ? எத்தினை வருசம் எடுக்கும்?

பதில்: தம்பி, முதல் ஒண்டு சொல்லுங்கோ, அந்த இடத்தில இப்பவும் றோலர் வருதோ? வருதெண்டா நடுறதுக்கு ஒரு சதமும் செலவழிக்காதேங்கோ. நட்டது ஒரே இரவில போயிடும்.

ஏனெண்டா இழுவை மடியில தரையைக் கெடுக்கிறது வலை மட்டும் இல்லை, வாயை விரிச்சு வைக்கிற ரெண்டு பலகையும் உழுதுகொண்டு போகும், நடுவில அடிக்கயித்துச் சங்கிலி சேத்துக்க பதுங்கின இறாலைக் கிளப்பவெண்டே தரையை உரசிக்கொண்டு வரும். உலகத்தில கன இடத்து ஆய்வுகளைச் சேத்து 2017 இல ஒரு கணக்கு வந்தது: பலகை மடி ஒருக்கா இழுத்தா சராசரி 2.4 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறங்குதாம், தரை உயிரில 6 வீதம் போகுதாம். 6 தானே எண்டு விடேலாது. எங்கட பாக்கு விரிகுடா ஆழம் குறைஞ்ச கடல், கன இடத்தில 15 மீற்றரும் வராது, அதே தரையிலதான் திரும்பத் திரும்ப இழுபடுது.

அதே கணக்கில, இழுவை நிண்டாப் பிறகு பாதியாக் குறைஞ்ச தரை உயிர் 95 வீதத்துக்குத் திரும்ப வர 1.9 தொடக்கம் 6.4 வருசம் எண்டு போட்டிருந்தவை. ஆனா அது புழு, சிப்பி மாதிரி மணலிலயும் சேத்திலயும் வாழுறதுகளுக்கு. சாதாழைக் கதை வேற. சின்ன வட்ட இலைச் சாதி வேர் மிஞ்சியிருந்தா மாசக்கணக்கில படரும், நாடா மாதிரி நீட்டு இலை, தடிச்ச கிழங்கு உள்ளது வருசக்கணக்கில இழுக்கும். கிளம்பின சேறு தண்ணியைக் கலக்கி வெளிச்சத்தை மறைக்கிறதால பக்கத்தில தப்பினதும் வாடும், இதைக் கன பேர் கணக்கெடுக்கிறேல்லை.

அதால முதல் வேலை தரையைப் பாக்கிறது. பெரிய மிசின் தேவையில்லை. ஈயக்குண்டுக்கு அடியில சவர்க்காரம் பூசி இறக்குங்கோ, மணலோ சேறோ ஒட்டிக்கொண்டு வரும், ஜிபிஎஸ்ஸில புள்ளியைக் குறியுங்கோ, தண்ணி போகாத கமரா ஒண்டிருந்தா கயித்தில கட்டி இறக்கி எடுங்கோ. வேர் எங்க மிஞ்சியிருக்கு எண்டு பாருங்கோ. மிஞ்சின இடத்தில நடத் தேவையே இல்லை, தொடாம விட்டாக் காணும். உங்கட நங்கூரமும் அங்க விழக் கூடாது சரியோ, நாங்களும் நல்ல பிள்ளையள் இல்லை.

கொங்கிறீற் கட்டை மோசமில்லை, ஆனா சாதாழைக்கு மேல போடாதேங்கோ, மூடிச் சாகடிச்சுப்போடும். விளிம்பில, றோலர் உள்ளிடுற பக்கமாப் பாத்து இறக்கினா மடி சிக்குமெண்ட பயத்தில கொஞ்சம் தள்ளி ஓடுவினம். உங்கட நண்டு வலையும் அதிலதான் மாட்டும், அதால எந்தப் பாட்டை (வலை போடுற இடத்தை) விடுறதெண்டு இறக்க முதலே சங்கத்தில கதைச்சு முடியுங்கோ. கடற்றொழில் திணைக்கள அனுமதி இல்லாம இறக்கேலாது. 2021 இல வடக்குக் கடலில மீன் சேரட்டுமெண்டு பழைய பஸ்ஸுகள் இறக்கினவை, மெல்லிய தகடு உப்புத் தண்ணியில எத்தினை வருசம் தாங்கும் சொல்லுங்கோ? நானெண்டா பாரமான கொங்கிறீற்தான்.

பலகையைத் தரையில முட்டாமத் தூக்கி ஓடுற மடியும் இருக்கு, சில நாடுகளில பாவிக்கினம். உழுற தடம் குறையும், சங்கிலி உரசுறது குறையாது. எங்கட பக்கம் அந்தக் கதைக்கே இடமில்லை, 2017 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோட இயந்திர இழுவை மடி முழுக்கத் தடை, அது குருநகர் றோலருக்கும் சேத்துத்தான். உள்ளூர் ஆக்களோட கதைக்காம இந்திய றோலரை மட்டும் பிழை சொன்னா உங்கட சங்கத்தை ஒருத்தரும் கணக்கெடுக்காயினம்.

கடைசியா ஒரு யோசனை. தமிழ்நாட்டில ஏப்ரல் 15 இல இருந்து ஜூன் 14 மட்டும் 61 நாள் றோலர் கடலுக்குப் போறேல்லை, அங்கயிருந்து எங்கட பக்கம் வாறதும் அப்ப நிக்கும். அந்தத் தடை முடியிற கிழமை உங்கட புள்ளியளில படம் எடுங்கோ, ஜூலை கடைசியில அதே புள்ளியளில திரும்ப எடுங்கோ. ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா உங்கட தரையில எங்க இழுக்கினம், எங்க விட்டிருக்கினம் எண்டு பிடிபடும். விட்ட இடத்தில ஒரு பாய் அளவுக்கு மட்டும் நட்டுப் பாருங்கோ, காசு தரப்போற ஆக்களிட்டயும் அந்தப் படங்களையே காட்டுங்கோ.