விண்ட்சர்ஃபிங் பழக ஆரம்பிப்பவர் முதலில் என்ன உபகரணம் வாங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் சென்னைக்காரர். எடை 75 கிலோ, நீச்சல் தெரியும். தெரிந்தவர் ஒருவரிடம் பழைய செட் மலிவாக வருகிறதாம்: காற்றைப் பிடிக்கும் பாய் 7 சதுர மீட்டர், நின்று ஓட்டும் போர்டு 'கொஞ்சம் சின்னது'. வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். ஏறக்குறைய இதே செட்டை வாங்கி ஒரு கோடைக்காலத்தை முழுசாகத் தொலைத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

நான் இருப்பது நெதர்லாந்தில். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வடக்கே போய், 32 கிலோமீட்டர் நீள அணை ஒன்றின் மேல் காரை ஓட்டிக் கடந்தால் அந்தப் பக்கம் வோர்க்கும் என்ற சின்ன ஊர் வரும். 1932இல் அந்த அணையைக் கட்டிக் கடலை அடைத்துவிட்டார்கள். உள்ளே சிக்கிய தண்ணீர் நாளடைவில் நன்னீராகி ஐசல்மேர் ஏரி ஆனது. வோர்க்கும் கரையில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கேயே எனக்கு வரவில்லை.

விளம்பரம் பார்த்து வாங்கிய 110 லிட்டர் போர்டு, 7 சதுர மீட்டர் பாய். போர்டில் ஏறி நிற்பேன், கயிற்றைப் பிடித்துப் பாயைத் தண்ணீரிலிருந்து இழுப்பேன், பாதி எழும்போது காலுக்கடியில் போர்டு முங்கும், மல்லாக்க விழுவேன். ஒரு மணி நேரம் இதுதான் நடந்தது. கரையில் தன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கடைசியில் பொறுக்க முடியாமல் தண்ணீருக்குள் நடந்து வந்தார். எப்படி நிற்பது, எப்படி இழுப்பது என்று சொல்லித்தரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது: "போர்டு எத்தனை லிட்டர்? நீங்கள் எத்தனை கிலோ?"

பதிலைச் சொன்னதும் சிரித்துவிட்டு விரல்விட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார். போர்டுக்கு லிட்டர் என்பது அது விலக்கும் தண்ணீரின் அளவு. ஒரு லிட்டர் ஒரு கிலோவைத் தாங்கும். நான் 78 கிலோ. போர்டின் சொந்த எடை 8. பாய், கம்பம், கைப்பிடி எல்லாம் சேர்ந்து 10. ஆக 96. நனைந்த உடையைச் சேர்க்காமலே மிச்சம் 14 லிட்டர். ஒரு காலை ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும், அந்தப் பக்கம் தண்ணீருக்குள் போய்விடும். பழக்கப்பட்டவர்கள் இந்த மாதிரிச் சின்னப் போர்டில் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, வேகத்தில் போர்டு தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது லிட்டர் கணக்கு அவர்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. நமக்கோ நின்ற இடத்தில் நிற்கவே போர்டு வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் தருகிற 200 லிட்டர் போர்டில் இதே கணக்கைப் போட்டால் பாதிக்குப் பாதி மிச்சம் இருக்கும்.

ஆகவே உங்கள் எடையோடு 100 கூட்டுங்கள். 75 கிலோவுக்கு 175, தாராளமாக 200 லிட்டர் வரை போகலாம். அகலத்தையும் பாருங்கள், 80 சென்டிமீட்டராவது இருக்கட்டும். பழைய காலத்து 12 அடி நீளப் போர்டுகள் லிட்டரில் பெரியவைதான். ஆனால் அகலம் 65 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், பக்கவாட்டில் உருட்டிவிடும்.

போர்டின் நடுவில் கீழே இறங்கும் பலகை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டேகர்போர்டு என்பார்கள். காற்று பாயைத் தள்ளும்போது போர்டு பக்கவாட்டில் நழுவாமல் முன்னே போக இதுதான் காரணம். பின்னால் அடியில் மீனின் துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின்னும் அதே வேலையைச் செய்யும், ஆனால் வேகம் வந்த பிறகுதான் ஒழுங்காகச் செய்யும். ஆரம்பத்தில் நமக்கு வேகம் ஏது? டேகர்போர்டு இல்லாவிட்டால் காற்று போகிற திசையிலேயே நழுவி நழுவிப் போய், இறங்கிய இடத்துக்குத் திரும்ப முடியாமல் கரையோரமாகப் போர்டை இழுத்துக்கொண்டு நடப்பீர்கள். அந்த நடையில் நான் தேர்ந்தவன். மேல்புறம் மெத்தென்ற ஃபோம் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது, முட்டி தேயாது. காற்றை நிரப்பி ஊதிக்கொள்ளும் பேடில் போர்டுகளில் (நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகைகள்) சிலவற்றில் பாய் மாட்டும் துளை இருக்கும். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு அது மோசமில்லை. அதிலும் நடு ஃபின் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பாய். 'பெரிய பாய்தானே வேகம்' என்று நானும் நினைத்தேன். தண்ணீரில் கிடக்கும் 7 சதுர மீட்டர் பாயின் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அதைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். சாயங்காலம் முதுகு தனியே கழன்று வந்துவிடும். உங்கள் எடைக்கு 8 முதல் 12 நாட் காற்றில் 4.5 முதல் 5.5 சதுர மீட்டர் போதும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 15 முதல் 22 கிலோமீட்டர் காற்று, மரத்தில் சின்னக் கிளைகள் ஆடும் அளவு. துணி போன்ற டேக்ரான் பாய் இலேசானது, விழுந்தாலும் தாங்கும். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பாய் வெயிலில் கிடந்து கிடந்து மொரமொரப்பாகிவிடும், முட்டி பட்டால் விரிசல்தான். பழைய பாயை வாங்கும்போது அந்தக் கண்ணாடிப் பகுதியை மடக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பாயின் அடியில் சில எண்கள் அச்சடித்திருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் பணம் வீணாவது அங்கேதான். உதாரணமாக 'லஃப் 412, பூம் 168, மாஸ்ட் 400' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்ட் என்றால் பாய்மரம். கடையில் மாஸ்ட் என்றால்தான் புரியும். இந்தப் பாய்க்கு 400 சென்டிமீட்டர் மாஸ்ட் வேண்டும். லஃப், அதாவது பாயின் முன்விளிம்பு, 412. மீதி 12 சென்டிமீட்டரை மாஸ்டின் அடியில் செருகும் நீட்டிப்புக் குழாயில் வைத்துக்கொள்ள வேண்டும். பூம் என்பது இரண்டு கையாலும் நாம் பிடித்துக்கொள்ளும் வளைந்த கைப்பிடி. அதை 168க்கு நீட்ட வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். இதோடு மாஸ்டில் தடித்தது, மெலிந்தது என்று இரண்டு வகை உண்டு. எஸ்டிஎம், ஆர்டிஎம் என்று எழுதியிருப்பார்கள். நீட்டிப்புக் குழாயும் அந்த வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தடித்த மாஸ்டுக்கான குழாயை மெலிந்த மாஸ்டில் செருக முயன்று கரையில் அரை மணி நேரம் போராடிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். மாஸ்டில் கார்பன் இழை எத்தனை சதவீதம் என்பதைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள், 30 சதவீத மாஸ்ட் தாராளம்.

பூம் அலுமினியமே போதும். போர்டில் நின்று மாஸ்டை நிமிர்த்தினால் பூம் தோள் உயரத்தில் வர வேண்டும். மாஸ்டோடு கவ்வும் இடத்தில் ஆடக் கூடாது. ஆடினால் தண்ணீரில் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி இடுப்புக்கு வந்துவிடும்.

இந்தச் சாமான்களிலேயே சின்னது, ஆனால் விளையாட்டையே உண்டாக்கியது, மாஸ்டையும் போர்டையும் சேர்க்கும் இணைப்பு. எந்தப் பக்கமும் சாயும், சுழலும். சாதாரணப் பாய்மரப் படகில் மரம் நட்டது நட்டபடி நிற்கும், திருப்புவதற்குச் சுக்கான் வேண்டும். இதில் சுக்கானே கிடையாது. மாஸ்டை முன்னால் சாய்த்தால் போர்டின் மூக்கு காற்றை விட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். இதற்கு உரிமை கொண்டாடிப் பெரிய வழக்கெல்லாம் நடந்தது. ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்ற இரண்டு கலிஃபோர்னியாக்காரர்கள் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் வழக்கு வந்தபோது, பீட்டர் சில்வர்ஸ் என்பவர் 1958இலேயே, தன் 12 வயதில், ஹேலிங் தீவில் பலகையில் பாய் கட்டி ஓட்டியது தெரியவந்து அந்தக் காப்புரிமை அங்கே செல்லாமல் போனது. சரி, கதை போதும்.

இன்றைய இணைப்புகள் பலவற்றில் நடுவில் ரப்பர் மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதை இரண்டு கையாலும் நன்றாக வளைத்து நாலு பக்கமும் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். பக்கத்தில் ஓடும் பாதுகாப்பு நாடா அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இது நடுத்தண்ணீரில் பிய்ந்தால் பாய் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம். அப்போது பாயை விட்டுவிடுங்கள், போர்டை விடாதீர்கள், மிதப்பது அதுதான்.

கயிறுகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். பாயைக் கீழ்நோக்கி இழுத்து முறுக்கேற்றுவது டவுன்ஹால், பூமின் கடைசியில் இழுத்துக் கட்டுவது அவுட்ஹால், தண்ணீரில் கிடக்கும் பாயைத் தூக்குவது அப்ஹால். புதிதாக வருபவர்கள் டவுன்ஹாலைக் குறைவாகவும் அவுட்ஹாலை அதிகமாகவும் இழுப்பார்கள். மாஸ்டை ஒட்டிக் குறுக்குவாட்டில் சுருக்கம் தெரிந்தால் டவுன்ஹால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். மெல்லிய கயிறு, கை அறுக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலை இணைப்பில் ஊன்றி இழுங்கள். அப்ஹால் கயிறு தடிமனாக, முடிச்சு முடிச்சாக இருக்கட்டும்.

முதல் வருடம் ஹார்னஸ், அதாவது உடம்பைப் பூமோடு கொக்கி போட்டு மாட்டும் பட்டை, வேண்டாம். காலை நுழைக்கும் பட்டைகள் போர்டில் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், கால்விரல்தான் இடிபடும். உங்கள் கடலில் குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட்டும் தேவையில்லை; முழுக்கை லைக்ரா சட்டை வெயிலுக்கு. எனக்கு மே மாதத்தில்கூட 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்றை மாட்டாமல் இறங்க முடியாது. மிதவைச் சட்டையும் மெல்லிய ரப்பர் செருப்பும் கட்டாயம். இங்கே சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், அங்கே பாறையும் கண்ணாடிச் சில்லும்.

உபகரணம் பற்றித்தான் கேட்டீர்கள், இருந்தாலும் சென்னை என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். வோர்க்குமில் கரை மேற்கு பார்த்தது, அடிப்பது பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. என்ன தப்புச் செய்தாலும் காற்றே கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். சென்னையில் ஜூன், ஜூலை காலைகளில் மேல்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையில் தண்ணீர் தட்டையாக, ஆசை காட்டுகிற மாதிரி இருக்கும். இறங்கினால் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். மத்தியானம் கடல்காற்று எழுந்த பிறகு திசை சரி, ஆனால் கரையில் உடையும் அலை புதியவரை விடாது. அதனால் துறைமுகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷன் பக்கம் விசாரித்துப் பாருங்கள். இல்லை, விடுமுறை கிடைத்தால் ராமேஸ்வரம் பக்கம் பாக் விரிகுடாவின் ஆழமில்லாத தண்ணீர். முதல் பத்து மணி நேரத்தை வாடகைப் போர்டில் முடித்துவிட்டு வாங்கினால் போதும்.

அந்தப் பழைய செட்டை மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம். பூமும் நீட்டிப்புக் குழாயும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். பாயின் அடியில் இருக்கும் எண்களையும் மாஸ்டின் அடிப்பக்கத்தில் எழுதியிருப்பதையும் படமெடுத்துக் கருத்தில் போட்டால், எது எதோடு பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.