கால் மடங்குகிறது என்பதற்காக இருக்கையைத் திருப்ப வேண்டாம்

வணக்கம். 13 மாத மகளின் கால்கள் மடங்குகின்றன, அழுகிறாள் என்பதால் காரில் பின்னோக்கிப் பொருத்தியிருக்கும் குழந்தை இருக்கையை முன்னோக்கித் திருப்பலாமா, அல்லது மதுரை சேரும்வரை மாமியார் மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்தெலும்புகளோ இன்னும் முழுமையாக இறுகாதவை. நேருக்கு நேர் மோதும்போது பின்னோக்கிய இருக்கையின் முதுகுப்பகுதி தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சேர்த்துத் தாங்குவதால்தான், குழந்தைக் கார் இருக்கைகளுக்காக ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஆர்129 விதி 15 மாதம் நிறையும் முன் திருப்புவதை அனுமதிப்பதில்லை. கால்கள் மடங்கியிருப்பதால் தீங்கில்லை.

மடியில் இருக்கும் குழந்தையை மோதலின் வேகத்தில் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டால் பெரியவரின் உடலே குழந்தையை நசுக்கிவிடும். ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

குழந்தை இருக்கையின் வார்கள் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். தோளருகே வாரைக் கிள்ளிப் பார்த்தால் அதன் மடிப்பு விரலில் சிக்கக் கூடாது. மாமியாரைப் பின்சீட்டில் குழந்தையின் அருகில் அமரச் சொல்லுங்கள். அவர் முகம் தெரிந்தாலே அழுகை பெரும்பாலும் குறையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்தி இறக்கி விளையாட விடுங்கள். எவ்வளவு அழுதாலும், வண்டி நின்ற பிறகே வாரை அவிழுங்கள்.